கூரைமேல் எறிந்த பல்

இயேசு மரி சூசை துணை

மேலத்துறை,
17 ஆகஸ்ட் 2025

மடத்தில் இருக்கும் என் அக்கா இசபெலுக்கு, தங்கை குளோரி எழுதுவது.

இங்கே நானும் அவரும் ஸ்மிதாவும் சுகம். மூத்தவன் பெனிட்டோவும் எங்கே இருந்தாலும் சுகமாகத்தான் இருப்பான். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? அடைப்பு மடத்தில் வெளியே விடமாட்டார்கள், போன் பேச விடமாட்டார்கள், முட்டுக்கு எண்ணெய் தேய்க்கவாவது விடுவார்கள்தானே? சிஸ்டருக்கு எழுதும்போது நீங்கள் என்றுதான் எழுத வேண்டும் என்று ஸ்மிதா சொல்கிறாள். உன்னோடு ஒரே பாயில் படுத்தவள் நான். எனக்கு நீதான்.

சந்தோஷமான காரியம் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஸ்மிதாவுக்குப் பல் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அதுவும் இரண்டு கல்லூரியில். ஒன்று இங்கே மலையடிவாரத்தில். தக்கலை போய் பஸ் மாறினால் போதும், காலையில் போய்விட்டு ராத்திரி வீட்டில் மீன்கறி ஊற்றிச் சாப்பிடலாம். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை என்று கொடுத்த இடம். இன்னொன்று உன் பக்கம், கோழிக்கோட்டில். நாகர்கோவிலில் ரயில் ஏறினால் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும். செலவு இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் என்கிறாள். செப்டம்பர் கடைசிக்குள் ஒன்றைப் பிடித்து மற்றதை விட வேண்டுமாம்.

நீ படித்தவள். எது நல்லது என்று எழுது. என் மனதில் இருப்பதை நான் சொல்லவில்லை. உனக்கே தெரியும்.

வருகிற கார்த்திகை வந்தால் பெனிட்டோ போய் இரண்டு வருஷம். தங்கி மீன் பிடிக்க வடக்கே போன வள்ளம் கவிழ்ந்து, அவரையும் கூடப் போன ஷிபுவையும் வேறு வள்ளக்காரர்கள் தூக்கினார்கள். பெனிட்டோவைக் காணவில்லை. வெறும் வள்ளம் உங்கள் கரையில்தான் ஒதுங்கியது. காணாமல் போனவனைச் செத்தவன் என்று யார் சொல்ல முடியும்? கேரளாவில் ஒதுங்கிய உடல்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும், ரத்தம் கொடுங்கள் என்று ஆட்கள் வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. அவரையும் கொடுக்க விடவில்லை. கொடுத்தால் அதோடு தேடுவதை விட்டுவிடுவார்கள். நீ தைத்து அனுப்பிய மாதா உத்தரியம், அந்தச் சின்னத் துணிமாலை, அவன் கழுத்தில் இருக்கிறது. மாதா கைவிடமாட்டாள் என்று நீதானே எழுதினாய்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவனுக்காக, உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சொல்கிற ஜெபத்தை மட்டும் சொல். மரித்தவர்களுக்குச் சொல்கிறதைச் சொல்லிவிடாதே.

மறந்துவிட்டேன். நேற்று மழை விட்டதும் முற்றம் தூத்தபோது ஒரு சின்னப் பல் கிடந்தது. பிள்ளைகளுடைய பால்பல். விழுந்த பல்லை எல்லாம் ஓட்டுக்கூரை மேலேதான் எறிவோம், அதில் ஒன்று இத்தனை வருஷம் கழித்துச் சறுக்கி விழுந்திருக்கிறது போல.

உன் ஆசீரைக் கேட்கும்,
குளோரி


கார்மேல் மடம்,
30 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை குளோரிக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். முட்டுவலி இருக்கிறது, ஆனால் தாங்கக்கூடிய அளவில்தான். ஞானதாசன் இப்போது கடலுக்குப் போகிறாரா? அவரைப் பற்றி நீ விவரமாக எழுதவில்லையே.

ஸ்மிதாவின் செய்தியைச் சாப்பாட்டு அறையில் மதர் வாசித்துச் சொன்னார்கள். எல்லாரும் கைதட்டினோம். நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்த்துவிடு. இங்கே வேண்டாம். மொழி வேறு, மழை அதிகம், விடுதிச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. நீயும் தனியாக இருக்க மாட்டாய்.

இங்கே மழை விட்டபாடில்லை. எங்கள் சிற்றாலயத்தில் கடலைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் பங்குக் கல்லறைத் தோட்டம். சாயங்காலம் ஆனால் அந்த ஜன்னல் பலகை கடகடவென்று அடிக்கத் தொடங்கிவிடும். காற்று இல்லாத நாளிலும் அடிக்கிறது. துணி சுற்றினோம், தச்சரை வைத்து இறுக்கினோம், நிற்கவில்லை. இரண்டு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டேதான் மாலை ஜெபம் சொல்கிறோம். வயதான சிஸ்டர் ஒருவர் அதற்கும் சேர்த்து ஆமென் சொல்வார்.

பெனிட்டோவை ஒரு நாளும் ஜெபத்தில் விடுவதில்லை.

கூரையில் எலி ஓடினால் பல் விழத்தான் செய்யும். யோசிக்காதே.

இயேசுவில் உன் அக்கா,
இசபெல்


மேலத்துறை,
8 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எங்களுக்குச் சுகக்கேடு ஒன்றும் இல்லை. அவரைக் கேட்டிருந்தாய். அவர் திரும்பி வந்ததிலிருந்து கடலில் கால் நனைக்கவில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுக்கிறார். வெயில் சாய்ந்தால் வீட்டில் நிற்க மாட்டார். கூரையில் சத்தம் கேட்கிறது என்கிறார். எலியாக இருக்கும் என்று நானும் உன்னைப் போலத்தான் சொன்னேன். "எலி இல்லேட்டி" என்றார். வேறு என்ன என்று கேட்டால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

நீ எழுதியதைப் படித்து எனக்கு முதலில் சந்தோஷம், பிறகு ஆச்சரியம். பிள்ளை உன் பக்கத்தில் வந்தால் உனக்கு ஆசையாக இருக்கும், மாசம் ஒரு தடவை கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தாவது பார்க்கலாம் என்று அவளை இங்கே அனுப்பு என்பாய், நான் அழுது வேண்டாம் என்று எழுதலாம் என்று நினைத்திருந்தேன். நீ எனக்கு முன்னாலேயே வேண்டாம் என்றுவிட்டாய்.

ஆனால் ஸ்மிதா கோழிக்கோடுதான் என்று நிற்கிறாள். ஏன் என்று கேட்டால் நல்ல கல்லூரி என்கிறாள். இங்கே உள்ளதில் மட்டும் பல்லுக்குப் பதில் காதையா பிடுங்கச் சொல்லிக் கொடுப்பார்கள் என்றேன். சிரித்தாள், மனம் மாறவில்லை.

பற்கள் இன்னும் விழுகின்றன. விடிந்து கதவைத் திறந்தால் முற்றத்தில் ஒன்று கிடக்கிறது, சில நாள் இல்லை. முதலில் சிப்பித் துண்டு என்று தூத்து எறிந்திருக்கிறேன். இப்போது ஸ்மிதா எல்லாவற்றையும் ஒரு பாட்டில் மூடியில் போட்டு வைத்திருக்கிறாள். இது மேல்வரிசை, இது கடைவாய், இது எனக்குள்ளது, இது அண்ணனுக்குள்ளது என்று கணக்குச் சொல்கிறாள். எப்படித் தெரியும் என்றேன். "அண்ணன் பல்லுல சாக்லெட் கறை உண்டு, பாத்தியா" என்றாள். பார்த்தால் இருந்தது. அவனுடைய இரட்டைப் பல் உனக்கு நினைவிருக்கிறதா? கீழ்வரிசையில் முன்னால், இரண்டு பல் ஒட்டிப் பிறந்தது போல ஒன்று. அது மட்டும் இன்னும் வரவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். போன வியாழக்கிழமை என் போன் இரண்டு தடவை அடித்து நின்றது. பார்த்தால் உங்கள் மடத்து நம்பர். உங்கள் மடத்தில் சாவுச் செய்தி சொல்ல மட்டும்தான் போனை எடுப்பார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். உடனே திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. உனக்கு ஒன்றும் இல்லையே? உடனே எழுது.

உன் சுகம் அறிய ஆவலாய் இருக்கும்,
குளோரி


கார்மேல் மடம்,
21 செப்டம்பர் 2025

அன்புள்ள குளோரிக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. மடத்தில் எல்லாரும் நலம். நீயும் நலமாக இரு.

ஸ்மிதாவை வற்புறுத்தியாவது பக்கத்தில் சேர்த்துவிடு. இதற்கு மேல் நான் எழுத ஒன்றும் இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், காரணம் கேட்காதே. அந்த இரட்டைப் பால்பல் விழுந்த இடத்தில் பெனிட்டோவுக்குப் பிறகு பல் முளைத்ததா?

ஜன்னல் இன்றைக்குப் பகலிலேயே அடிக்கிறது.

இசபெல்


மேலத்துறை,
26 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ நலம் என்று எழுதியதை நம்புகிறேன். உன் எழுத்து சரிந்து கிடக்கிறது, கண்ணுக்கு என்னவாவது செய்கிறதா? போனைப் பற்றிக் கேட்டதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை.

பல் கேட்டாய். ஒன்று முளைத்தது, ஒன்று முளைக்கவில்லை. அவன் சிரித்தால் கீழே ஒரு பல் குறையாக இருக்கும். அந்தச் சந்துவழியாக விசில் அடிப்பான். அது ஏன் முளைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கூரைமேல் பல்லை எறிந்தால் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போக வேண்டும், பார்த்தால் புதுப்பல் வராது என்று நம் அம்மா சொல்வாளே. இவன் எறிந்துவிட்டு நடைவரை வந்தான், அப்புறம் திரும்பிப் பார்த்துவிட்டான். ஏண்டா பார்த்தாய் என்று முதுகில் ஒன்று வைத்தேன். "விழுந்த சத்தமே கேக்கலம்மா, அதான் பாத்தேன்" என்றான்.

நீ ஏன் இதைக் கேட்கிறாய்? காரணம் கேட்காதே என்று எழுதினால் கேட்காமல் இருக்க முடியுமா?

திங்கள்கிழமைதான் கடைசி நாள். வீட்டில் தினமும் சண்டை. நேற்று ஸ்மிதா சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள், "தூரம் போனா திரும்ப வரமாட்டேன்னு பயப்படுதியா? அப்பாவும் அவ்வளவு தூரம்தான் போனாரு. வந்துட்டாருல்லா." அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்விட்டார். "வந்தது போதாது மக்கா, வந்தது பாதிதான்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. வாசலில் அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பங்குச் சாமியாரும் வந்தார். கல்லறைத் திருநாள் வருகிறது, பெனிட்டோவின் துணியை வைத்தாவது ஒரு அடக்கப் பூசை வைக்கலாம் என்றார். காப்பி கொடுத்து அனுப்பினேன். எனக்கு ஒரு பிள்ளை கடலில் இருக்கிறான், இன்னொன்றையும் வடக்கே அனுப்பிவிட்டு இந்த ஓட்டுக்குக் கீழே நான் மட்டும் என்ன செய்வேன்? ஸ்மிதாவுக்கு நீயே ஒரு வரி எழுது. உன் சொல்லைக் கேட்பாள்.

குளோரி


மேலத்துறை,
5 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிறேன். இனி இங்கிருந்து இரண்டு பேர் சுகம் மட்டும்தான் எழுத முடியும். ஸ்மிதா கோழிக்கோடு போய்விட்டாள்.

உன் கடிதம் வரும் என்று திங்கள்கிழமை வரைக்கும் பார்த்தேன். அன்றைக்கு விடிய நல்ல மழை. கதவைத் திறந்தேன். நடைப்படியில் அந்த இரட்டைப் பல் இருந்தது. முற்றத்தில் இல்லை, படியில், நடுவில், யாரோ எடுத்து வைத்தது போல. படி முழுக்க நனைந்து கிடந்தது, அந்தப் பல் நனையவில்லை. நான் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன், சூடாக இருந்தது. எனக்குப் பிரமை என்று நீ நினைத்தாலும் சரி.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஸ்மிதாவிடம் கொடுத்து, "போயிட்டு வா மோளே" என்றார். இரண்டு மாசமாக இந்தக் காரியத்தில் அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? மலையடிவாரத்து இடத்தை விட்டுவிட்டாள். போகிற அன்றைக்கு ரயில் கிளம்பும்போது ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள் என்று கையைத் தூக்கிக்கொண்டே நின்றேன். எட்டிப் பார்க்கவில்லை. அழுகையை மறைக்கத்தான் இருக்கும். பல்லை அவளே கொண்டுபோயிருக்கிறாள்.

அதன் பிறகு கூரையிலிருந்து ஒன்றும் விழவில்லை.

பிள்ளை உன் பக்கத்தில் வந்துவிட்டாள். இனிமேல் வேண்டாம் என்று சொல்லிப் பயன் இல்லை. அவளைப் பார்த்துக்கொள்.

குளோரி


மேலத்துறை,
24 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

நீ சுகமா? நான் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை, அதற்கு முந்தினதற்கும் இல்லை. ஸ்மிதா தினமும் போன் செய்கிறாள். சாப்பாடு கொள்ளாம், குறை ஒன்றும் இல்லை, மொழி புரிகிறது, உடன் தங்கும் பிள்ளை நல்ல பிள்ளை என்கிறாள். உன்னைப் பார்க்க வருவாளாம், கல்லறைத் திருநாளுக்கு. அன்றைக்கு ஏன் வருகிறாய், கிறிஸ்மசுக்கு வா என்று நீயாவது சொல்.

எல்லாரும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், மெழுகுதிரி வாங்குகிறார்கள். நான் வாங்கவில்லை. எனக்கு அங்கே யாரும் இல்லை. சாயங்காலம் கூரையில் எனக்கும் இப்போது அந்தச் சத்தம் கேட்கிறது, கடகடவென்று. அவரிடம் சொல்லவில்லை.

பதில் எழுது. வெறும் காகிதத்தையாவது அனுப்பு.

குளோரி


கோழிக்கோடு,
3 நவம்பர் 2025

அம்மாவுக்கு ஸ்மிதா எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். நீ இதைப் படிக்கும்போது அப்பா பக்கத்தில் இருக்கட்டும். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நிதானமாகப் படிப்பாய், இடையில் நிறுத்தினாலும் திரும்ப வந்து படிக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று பெரியம்மா மடத்துக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். ரொம்ப மெலிந்துவிட்டார்கள். உன் கடிதம் எல்லாம் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றார்கள். அப்போது அந்த ஜன்னல் அடிக்கத் தொடங்கியது அம்மா. நீ படித்துக் காட்டியபோது பழைய பலகை என்று நினைத்தேன். பல்லோடு பல் அடிக்கிற சத்தம் அது. நான் தினமும் பல்லைத் தொட்டுப் பார்க்கிறவள், எனக்குத் தெரியாதா? "பெரியம்மா, அண்ணனுக்கு எந்த ஜெபம் சொல்லுதீங்க?" என்று கேட்டேன். அவர்கள் எழுந்து திரையை இழுத்துவிட்டார்கள்.

நான் வெளியே வந்து மதிலைச் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எல்லாக் கல்லறையிலும் திரி எரிந்தது. மதிலை ஒட்டி ஒரு மண்மேடு. பெயர் இல்லை, மரச்சிலுவை மட்டும். ஆனால் அதில்தான் பூ அதிகம். குழி வெட்டுகிறவரிடம் கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடலில் ஒதுங்கியவன், ஆள் யாரென்று தெரியாது, கழுத்தில் உத்தரியம் கிடந்ததால் பங்கில் வாங்கி அடக்கினோம் என்றார். போலீஸ்காரர்கள் ஒத்துப் பார்க்க எலும்பு எடுத்து வைத்திருக்கிறார்களாம், ஒத்துப் பார்க்கத்தான் ஆள் வரவில்லையாம். பூ மடத்திலிருந்து வருகிறதாம். அந்த உத்தரியத்தைத் துவைத்துத் தர மடத்தில் கொடுத்தபோது ஒரு சிஸ்டர் திருப்பித் தரவே இல்லையாம்.

கீழ்வரிசையில் ஒரு பல் குறைவாக இருந்ததா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

அண்ணன் திரும்பிப் பார்த்ததால் பல் முளைக்காமல் போகவில்லை அம்மா. எங்கள் மேடத்திடம் அந்த இரட்டைப் பல்லைக் காட்டினேன். பால்பல் அப்படி ஒட்டிப் பிறந்தால் அடியில் ஒரு பல் உருவாகாமலே போவது உண்டு என்றார்கள். அவன் வயிற்றில் இருக்கும்போதே அப்படித்தான். அவன்மேல் தப்பு இல்லை. அவனை அடித்ததை நீ மறந்துவிடு.

வள்ளம் ஒதுங்கிய கரை இது. அதனால்தான் இங்கே வந்தேன். சொன்னால் நீ விட்டிருக்க மாட்டாய்.

இரட்டைப் பல்லை அந்த மண்ணில் குழி பறித்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். ரத்தம் கொடு அம்மா. நாகர்கோவிலிலேயே கொடுக்கலாமாம், நான் விசாரித்துவிட்டேன். என் ரத்தத்தைவிட உன்னுடையதுதான் வேண்டும் என்கிறார்கள்.

ஸ்மிதா


கார்மேல் மடம்,
9 நவம்பர் 2025

என் தங்கை குளோரிக்கு,

உன் சுகத்தைக் கேட்க எனக்கு நா எழவில்லை.

உத்தரியம் என்னிடம்தான் இருக்கிறது. ஓரத்தில் நான் போடுகிற தையல். ஆனால் என் கையால் தைத்து எத்தனையோ ஊருக்குப் போகிறது, எந்தக் கரையில் எந்தப் பிள்ளை கழுத்தில் கிடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடக்கியவனுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் குறைவு என்று அப்போதே இங்கே சொன்னார்கள். நீ இரட்டைப் பல்லைப் பற்றி எழுதிய பிறகு அதையும் சொல்ல முடியவில்லை. முதலிலேயே இங்கே வரவேண்டாம் என்று எழுதியதும் இந்த உத்தரியத்தால்தான். பிள்ளை வந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் போவாள் என்று பயந்தேன்.

வியாழக்கிழமை போன் அடித்தது நான். மதரிடம் அனுமதி வாங்கித்தான் எடுத்தேன். இந்த வீட்டிலிருந்து போன் வந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான். நீ எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.

நீ கேட்டதைச் செய்தேன் குளோரி. பெனிட்டோவுக்கு உயிரோடு இருக்கிறவர்களுக்குள்ள ஜெபம் சொன்னேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கிடந்தவனுக்கு மரித்தவர்களுக்குள்ள ஜெபம் சொன்னேன். இரண்டு வருஷம் இரண்டையும் ஒரே முழங்காலில் நின்று சொன்னேன்.

கல்லறைத் திருநாள் சாயங்காலம் ஸ்மிதா போன பிறகு ஜன்னல் நின்றுவிட்டது. நேற்று பலத்த காற்று, அப்போதும் அடிக்கவில்லை. வயதான சிஸ்டர் ஆமென் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டே இருக்கிறார்.

இசபெல்


மேலத்துறை,
25 ஜனவரி 2026

இசபெல் அக்காவுக்கு, உன் குளோரி எழுதுவது.

நாங்கள் ஊர் வந்து சேர்ந்தோம். ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கியது, இப்போது வற்றிவிட்டது. அவர் சுகம். ராத்திரி வீட்டில் படுக்கிறார். உன் கண்ணுக்குச் சொட்டுமருந்து விடச் சொல்லி ஸ்மிதாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், மறக்காமல் விடு. கம்பி வழியாக நீ விரலை நீட்டினாய், நான் பிடித்தேன். அது போதும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் இருந்தது.

ரத்தம் ஒத்துப்போனது என்று தாளில் பார்த்தபோது நான் அழவில்லை. ஊசி குத்தினபோதே அழுது முடித்துவிட்டேன். அங்கேயே பூசை வைத்துப் பெயர் எழுதிய கல் நட்டுவிட்டோம், உனக்குத் தெரியும், ஜன்னல் வழியாகப் பாட்டுக் கேட்டிருப்பாய். அவனைத் தோண்டி ஊருக்குக் கொண்டுவரலாமே என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். பெரியம்மா இருக்கிறாள், தங்கச்சி இருக்கிறாள். அங்கே அவனுக்கு ஆள் உண்டு. நான்தான் இப்போது தூரத்தில் இருக்கிறேன்.

கல் நட்டு எல்லாரும் போன பிறகு அவர் அந்த மண்ணருகே உட்கார்ந்து, வள்ளம் கவிழ்ந்த ராத்திரியைப் பற்றி முதல் தடவையாக வாய் திறந்தார். அதை உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், நேரில் சொல்ல என்னால் முடியவில்லை.

"கவுந்த வள்ளத்த ராத்திரி பூரா புடிச்சிட்டுக் கெடந்தோம். ஷிபு முன்னால. பெனிட்டோ எனக்குப் பொறத்தால. குளுரு தாங்காம அவன் பல்லு கடகடன்னு அடிச்சிட்டே இருந்துது. அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் பிள்ள இருக்கான்னு நெனச்சிட்டுக் கெடந்தேன். திரும்பிப் பாத்தா கைப்பிடி விட்டுரும்னு பாக்கல. சத்தம் நின்ன பெறவுதான் திரும்புனேன்."

ஜன்னலைப் பற்றி நீ எழுதியதை நான் அவரிடம் ஒரு நாளும் படித்துக் காட்டியதில்லை அக்கா. உங்கள் மடத்தில் அந்தச் சத்தம் எந்த மாசத்தில் தொடங்கியது என்று நான் கேட்கப்போவதும் இல்லை.

இங்கே கூரையும் இப்போது சும்மா இருக்கிறது. ஸ்மிதா விட்டுப்போன பாட்டில் மூடியில் மற்றப் பற்கள் இருந்தன. அவளுடையதும் அவனுடையதும் கலந்து கிடந்தன. இன்றைக்குச் சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வீட்டுக்குள் வைத்திருக்க மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது போலவே நின்று, மூடியிலிருந்து கையில் கவிழ்த்து எல்லாவற்றையும் கூரைமேல் எறிந்தேன். திரும்பாமல் உள்ளே வந்து, விளக்கைப் போட்டு, இத்தனை நாள் அவனுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பெனிட்டோவின் தட்டைக் கழுவி மற்றத் தட்டுகளோடு கவிழ்த்து வைத்தேன். அப்புறம் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஓட்டில் விழுகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டேதான் இவ்வளவும் எழுதினேன். இன்னும் கேட்கவில்லை. அவர் நடையில் இருக்கிறார், அவருக்கும் கேட்கவில்லையாம்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் தங்கை,
குளோரி